பொன்னும் வடிவும்



பொன் வைக்கும் இடத்தில் பூ வைத்தாற்போல என்று நம் நாட்டில் ஒரு வழக்கு உண்டு. பொருள் வசதி இல்லாத இடத்தில் அன்பினால் நிறைவு செய்வதைக் குறிக்க அதனைச் சொல்லுகிறோம். சற்று ஆராய்ந்து பார்த்தால், வரலாற்று உண்மை ஒன்றும் அதனுள் அடங்கியிருப்பது புலனாகும். மனிதன் முதலில் வைத்தது பூவே. பொன் பின்னால் வந்தது. தோடு என்னும் சொல்லை நோக்குங்கள். பூவின் இதழுக்கும் பனையின் ஓலைக்கும் அதுவே பெயர். காதில் ஓலைச் சுருளை இட்ட காலம் ஒன்று இருந்தது. ஓலை இருந்த இடத்தில் பொன் வந்து அமர்ந்த பின்னும் பழைய பெயர் போகவில்லை. இன்றும் வைரம் பதித்த காதணியைத் தோடு என்றே வழங்குகிறோம்.

அணிகலன்களின் அமைப்புக்குரிய அடிப்படைகள் யாவை, அவை இந்நாட்டில் வளர்ந்த வரலாறு யாது என்பன குறித்துச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் செய்ப்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்பொருள் சிறப்பாக உரியது. பெட்டியில் பாட்டியின் அட்டிகை இருக்கும். தெருவுக்குப் போனால் வடநாட்டார் செய்த குந்தன் நகை கண்ணைப் பறிக்கும். இரண்டையும் அருகருகே காணும் வாய்ப்பு உங்களுக்கே உண்டு. பாட்டியின் நகையைக் கடையில் கொடுத்துப் புதிய நகை மாற்றிக்கொள்ளும் எண்ணமும் உங்களுள் பலருக்கு எழக்கூடும். அவ்வாறு மாற்றும்போது தராசில் ஏறுவது எது, ஏறாமல் போவது எது என்பதே இப்பேச்சின் உட்பொருள்.

அணிகலனைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. அவற்றுள் பூண், இழை, அணி, நகை என்னும் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்நான்கு சொற்களும் ஒரே பொருளைச் சுட்டினாலும், ஒவ்வொன்றும் அப்பொருளின் ஒவ்வொரு பக்கத்தைக் காட்டுகின்றது. நான்கையும் சேர்த்து வைத்தால் அணிகலன் அமைப்பின் இலக்கணமே கிடைத்துவிடும்.

முதற் சொல் பூண். உலக்கையின் நுனியில் இறுக மாட்டிய இரும்பு வளையத்திற்கும் பூண் என்றே பெயர். எனவே பூண் என்பது உடலோடு பொருந்தி நிற்பது, கழன்று விழாதது. அணிகலன் அமைப்பவன் முதலில் கற்க வேண்டியது உடம்பின் அமைப்பை. மணிக்கட்டைவிடக் கை அகலமானது. ஆகவே மூட்டு இல்லாத வளையல் கையைக் கடந்து ஏறும் அளவுக்கு அகன்றிருத்தல் வேண்டும். ஏறிய பின் தளர்ந்து ஒலிக்கும். இறுக நிற்க வேண்டிய காப்புக்குக் கீலும் திருகும் தேவைப்படுகின்றன. மேற்கையில் அணியும் வங்கியைக் காணுங்கள். வட்டமாகச் செல்லாமல், கூரை முகடுபோல் மேல்நோக்கி வளைந்திருக்கும். கையை மடக்கும்போது புடைக்கும் தசைக்கு இடம் விட்டு, நகை சுழலாமல் நிற்கச் செய்கிறது அவ்வளைவு.

இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு மாட்டல். ஜிமிக்கி பெரிதாகப் பெரிதாகக் காது மடலை இழுக்கும். அந்தப் பாரத்தைக் காதின் மேலாகக் கொண்டுசென்று கூந்தலில் மாட்டிவிடுகிறது ஒரு சிறு சங்கிலி. பார்ப்பவர்க்கு அது முகத்தின் பக்கத்தை அழகு செய்யும் முத்துச்சரம், அணிபவர்க்கோ சுமைதாங்கி. சடைநாகமும் இத்தகையதே. ஒரே தகடாகச் செய்தால் பின்னல் அசைய முடியாது. அதனால் பல துண்டுகளாகச் செய்து கோத்து, பின்னல் மெலிய மெலியத் துண்டுகளையும் சிறிதாக்கி, அசைவதற்கு இடம் கொடுத்தனர் நம் பொற்கொல்லர். பயனும் அழகும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே நல்ல அமைப்பின் முதல் அடையாளம்.

இரண்டாவது சொல் இழை. நூலுக்கும் இழை என்று பெயர். மணிகளைப் பதித்துச் செய்வதும் இழைத்தலே. ஆகவே இச்சொல் கைவினையைச் சுட்டுகிறது. உலோகங்களுள் பொன்னைப்போல் கைக்கு இணங்குவது வேறில்லை. ஒரு கிராம் பொன்னை ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள மென்தகடாக அடிக்கலாம். இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள மெல்லிய கம்பியாகவும் இழுக்கலாம். இம்மென்மையே அதன் குறையுமாகும். தூய பொன்னில் செய்த நகை எளிதில் நெளியும், தேயும். அதனால் 24 பங்கில் 22 பங்கு பொன்னும் எஞ்சிய 2 பங்கு செம்பும் வெள்ளியும் கலந்து உறுதி கொடுக்கிறோம். நூற்றுக்கு 91.6 பங்கு என்று கடைகளில் சொல்லப்படும் கணக்கு இதுவே. செம்பு கூடினால் நிறம் சிவக்கும். வெள்ளி கூடினால் வெளிறும்.

தகடு, கம்பி, ரவை போன்ற சிறு மணி, வார்ப்பு ஆகிய நான்கு உருவங்களில் பொன் பட்டறையில் வடிவு கொள்கிறது. தகட்டை அரக்கின்மேல் கிடத்தித் தட்டினால் புடைப்பு வேலை. கம்பியை முறுக்கி வளைத்தால் சங்கிலியும் கொடிப் பின்னலும். இவற்றை ஒன்றோடொன்று சேர்ப்பதில்தான் பொற்கொல்லனின் திறமை தெரியும். பொன் உருகும் வெப்பம் 1,064 பாகை. அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் கலப்புப் பொடியை மூட்டில் வைத்து, வெண்காரம் இட்டு, குழலால் நெருப்பை ஊதுவான். பொடி உருகி மூட்டில் ஓட வேண்டும், நகையோ உருகக்கூடாது. இரண்டாம் மூட்டுக்கு முதல் மூட்டின் பொடியைவிட எளிதில் உருகும் பொடி வேண்டும். இல்லையேல் முன்பு ஒட்டியது விட்டுப்போகும். இருபது மூட்டு உள்ள நகையில் இந்த வரிசை முழுவதையும் அவன் மனத்திலேயே வைத்திருக்கிறான்.

குறைந்த பொன்னில் பெரிய உருவம் காட்டுவதும் இழையின்பாற்பட்ட கலை. மதுரை, திருநெல்வேலிப் பக்கத்து முதிய பெண்டிர் நீட்டி வளர்த்த காதுகளில் அணிந்த பாம்படத்தைச் சிலர் கண்டிருக்கலாம். உருண்டையும் கட்டமும் கூம்பும் சேர்ந்த கனத்த உருவம் போலத் தோன்றும். உள்ளேயோ அரக்கு, அதன்மேல் மெல்லிய பொற்றகடு. உழவர் குடிப் பெண்ணின் காதில் இத்துணைத் துணிவான கணித வடிவங்கள் தொங்கியதை எண்ணிப் பார்த்தால் வியப்பு உண்டாகிறது.

மூன்றாவது சொல் அணி. அணி என்றால் வரிசை; ஒழுங்கு. படையின் அணி, செய்யுளின் அணி, உடலின் அணி மூன்றும் ஒரே சொல்லால் வழங்குவது தற்செயல் அன்று. ஓர் உருவத்தைத் தேர்ந்து, அளவிட்டு, திரும்பத் திரும்ப வைத்து, நடுவில் ஒரு தலைமையை நாட்டுவதே அணியின் முறை. மாங்காய் மாலையில் மாங்காய்களும், காசு மாலையில் காசுகளும், மொக்கு மாலையில் மல்லிகை மொக்குகளும் நடுவிலிருந்து இருபுறமும் ஒத்துச் செல்கின்றன. பூத்தொடுக்கும் கை பழகிய ஒழுங்கு அது. வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் பெண் இந்த இலக்கணத்தை ஏட்டில் படிக்காமலே அறிந்திருக்கிறாள்.

ஏழுகல் தோட்டை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு கல், சுற்றிலும் ஆறு கல். ஏன் ஆறு? ஒரே அளவுள்ள வட்டங்களுள் ஒன்றை நடுவில் வைத்து மற்றவற்றைச் சுற்றிலும் நெருக்கி அடுக்கிப் பாருங்கள். இடைவெளி இன்றிச் சரியாக ஆறு வட்டங்களே அமையும். ஐந்து கல் வைத்தால் நடுக்கல் சிறுத்தாக வேண்டும். எட்டு வைத்தால் பெருத்தாக வேண்டும். ஒரே அளவான கற்கள் ஒன்றையொன்று தொட்டு நின்று ஒரே பூவாய் ஒளிர்வதற்கு ஏழே உரிய எண். வீட்டில் நான்கு ஒத்த நாணயங்களுக்குப் பதில் ஏழு நாணயங்களை எடுத்துக் குழந்தைகளிடம் கொடுத்தால், அவர்களே இதனைக் கண்டுபிடித்து விடுவார்கள்.

நான்காவது சொல் நகை. நகை என்பது சிரிப்பு, ஒளி. ஒளியை வாங்கித் திருப்பித் தருவதே கல்லின் தொழில். ஒளியைக் கையாள இரு வழிகள் உண்டு. கல்லை வழவழப்பாகக் குவித்துத் தேய்த்து, அதன் பின்புறத்தை மூடி, உள்ளே பளபளக்கும் மென்தகட்டை வைப்பது ஒன்று. நம் நாட்டுப் பழைய கெம்பு அட்டிகைகளும் வடநாட்டுக் குந்தன் நகைகளும் இவ்வழியில் வந்தவை. விளக்கொளியில் அவை கனன்று எரியும். கல்லின் முகங்களைப் பட்டை தீட்டி, பின்புறத்தைத் திறந்துவிட்டு, ஒளி உட்புகுந்து திரும்பும்படி செய்வது மற்றொன்று. ஐரோப்பியர் இவ்வழியை வளர்த்தனர். முதல் வழியில் கல்லின் நிறை காக்கப்படும். இரண்டாவதில் நிறை குறைந்து ஒளி மிகும்.

பூண், இழை, அணி, நகை என்னும் நான்கையும் அளவுகோலாகக் கைக்கொண்டு இனி வரலாற்றுக்குள் செல்வோம்.

நம் அணிகலன் வரலாற்றின் பழைய ஏடு சிந்துவெளியில் திறக்கிறது. இற்றைக்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மொகஞ்சதாரோவிலும் சன்குதாரோவிலும் குசராத்து லோத்தலிலும் மணி செய்யும் தொழில் உயர்ந்த நிலையில் இருந்தது. சூதுபவளம் என்னும் செங்கல்லைச் சூட்டில் வைத்து அதன் சிவப்பை ஆழமாக்கக் கற்றிருந்தனர். விரலினும் நீண்ட மணிகளை நெடுகத் துளைத்தனர். மிகக் கடினமான கல்லால் செய்த துளைக்கருவி கொண்டு, மணிக்குச் சில மில்லிமீட்டர் அளவே துளை முன்னேறும். ஒரு மணிக்குப் பல நாள் உழைப்பு. அம்மணிகள் கடல் கடந்து மெசபொத்தேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகள் வரை சென்றிருக்கின்றன. குசராத்தின் கம்பாத்தில் மணித்தொழில் இன்றும் நடைபெறுகிறது.

மொகஞ்சதாரோ நகைகளைப் பற்றி வேறொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1947ஆம் ஆண்டு நாடு பிரிந்தபோது அகழ்வாய்வுப் பொருள்களும் பங்கிடப்பட்டன. நீண்ட சூதுபவள மணிகள் கோத்த இடையணி ஒன்றும், ஜேடு என்னும் பச்சைக்கல் மணிகளும் பொன் வில்லைகளும் கொண்ட கழுத்தணி ஒன்றும் அவற்றுள் இருந்தன. எண்ணிக்கையில் நேர்மை வேண்டும் என்று அவற்றின் மணிகளைப் பிரித்துப் பாதி இந்தியாவுக்கும் பாதி பாகிஸ்தானுக்கும் கொடுத்தனர். எவருக்கும் ஒரு மணி குறையவில்லை. ஆனால் நாலாயிரம் ஆண்டு மண்ணுக்குள் பிழைத்துக் கிடந்த அமைப்பு இரண்டாயிற்று. தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்குச் செல்லும் அன்பர்கள் இந்தியாவின் பங்கைக் காணலாம். அணிகலனை வெறும் தொகையாகக் கருதினால் நேர்வது இது.

தென்னாட்டிலும் பழஞ்சான்றுகள் குறைவல்ல. தாமிரபருணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி அலெக்சாந்தர் ரீ நடத்திய அகழ்வாய்வில் மெல்லிய பொற்றகட்டு நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளின் எச்சங்கள் வெளிப்பட்டுள்ளன. செய்து முடித்த மணிகளோடு, பாதி செய்த மணிகளும் அங்கே கிடைத்தன. முடிந்த மணி வாணிகத்தால் வந்திருக்கக்கூடும். பாதி முடிந்த மணியோ தொழில் அங்கேயே நடந்தது என்று சாட்சி கூறும். சிலப்பதிகாரக் கதையும் ஓர் அணிகலனின் அமைப்பைச் சுற்றியே திரும்புகிறது. அரசியின் சிலம்பையும் கண்ணகியின் சிலம்பையும் வேறுபடுத்திக் காட்டியது உள்ளே இட்ட பரல். ஒன்றில் முத்து, மற்றதில் மாணிக்கம். கண்ணுக்குத் தெரியாத உள்ளமைப்பே வழக்கைத் தீர்த்தது.

வடநாட்டில் இதற்குத் துணையாகச் சிற்பங்கள் நிற்கின்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்குத் தூபியின் கல்வேலி கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் நிற்கும் யட்சி உருவங்களின் கழுத்தணி, இடையணி, காலணி ஒவ்வொன்றையும் மணி மணியாக எண்ணலாம். கொல்கத்தாவில் வாழும் நம்மவர் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கினால் வீண்போகாது. கௌடலியரின் அர்த்தசாத்திரமோ முத்துமாலைகளை வடங்களின் எண்ணிக்கை கொண்டு வகைப்படுத்துகிறது. 1,008 வடங்கள் கொண்டது இந்திரச்சந்தம். அதில் பாதியான 504 கொண்டது விசயச்சந்தம். 27 என்னும் எண்ணுக்கு உரியது நட்சத்திரமாலை. விண்மீன்களின் எண்ணிக்கையே அதன் அமைப்பாயிற்று. எண்ணும் அழகும் அன்றே கைகோத்திருந்தன.

இனிச் சோழர் காலத்துக்கு வருவோம். 1010ஆம் ஆண்டு நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில், முதலாம் இராசராசனும் அவனுடைய தமக்கை குந்தவையும் பிறரும் இறைவனுக்கும் அம்மைக்கும் அளித்த அணிகலன்களின் பட்டியல் பொறிக்கப்பட்டிருக்கிறது. உலகில் இத்தகைய நகைக் கணக்கு அரிது. நகையின் பெயர், பொன்னின் நிறை, முத்து எத்தனை, வைரம் எத்தனை, மாணிக்கம் எத்தனை என்று ஒவ்வொன்றும் எழுதப்பட்டுள்ளது. முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு என்று வகை பிரித்திருக்கின்றனர். மாலையின் பூட்டாகிய கொக்குவாயும் அது மாட்டும் படுகண்ணும்கூட விடுபடவில்லை. உள்ளே இட்ட அரக்கையும் சேர்த்து நிறுத்த இடங்களில் அவ்வாறே குறித்தனர். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்பன நிறையின் அளவைகள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. நிறுக்கும் கல்லுக்கும் ஆடவல்லான் என்று இறைவன் பெயரையே இட்டனர்.

அந்த அணிகலன்கள் இன்று எங்கே? கல்வெட்டு நிற்கிறது, நகைகளைக் காணோம். படையெடுப்பும் பஞ்சமும் ஆட்சி மாற்றமும் வந்த காலங்களில் பொன் உருகி வேறு உருவம் கொண்டது. பொன்னுக்கு அழிவில்லை. இராசராசன் அளித்த பொன்னின் ஒரு துகள் இன்று எவர் விரலின் மோதிரத்திலேனும் கலந்திருக்கக்கூடும். அழிந்தது வடிவம் ஒன்றே. ஆயினும், கணக்கு எழுதியவர் கடமை தவறாது எழுதியதால், நகையின் பெயரும் உறுப்பும் ஒழுங்கும் ஆயிரம் ஆண்டு கழிந்தும் நமக்குத் தெரிகின்றன. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பல அணிகளின் உருவைக் காட்டி அக்கணக்குக்கு உரை எழுதுகின்றன.

முகலாயர் காலத்தில் வடநாட்டு அவைகளில் குந்தன் வேலை உச்சம் அடைந்தது. மாசு நீக்கிய தூய பொன்னை மென்தகடாக்கிக் கல்லின் ஓரத்தில் வைத்துக் கருவியால் அழுத்துவர். தூய பொன் பொன்னோடு நெருப்பின்றியே ஒட்டிக்கொள்ளும். பொடியும் ஊதுகுழலும் இல்லாமல் கல் நிலைபெறுகிறது. அந்நகையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே செய்ப்பூரின் மீனா வேலை சிரிக்கும். பொன்னில் குழி செதுக்கி, உலோகக் கலப்பால் நிறம் பெற்ற கண்ணாடிப் பொடியை இட்டுச் சுடுவர். மிகுந்த சூட்டைத் தாங்கும் நிறம் முதலில். குறைந்த சூட்டில் உருகுவது இறுதியில். சிவப்பு பெரும்பாலும் கடைசியில் வரும். நம்மூர்ப் பொற்கொல்லன் மூட்டுப் பொடிகளை வரிசைப்படுத்திய அதே அறிவு இங்கே நிறங்களை வரிசைப்படுத்துகிறது. மேனியில் உராயும் பக்கத்தில் மெல்லிய பொன் தேயாதபடி மீனா காவலும் செய்கிறது.

இவ்வாறே ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய வழியைக் கண்டது. ஒடிசாவின் கட்டாக்கில் வெள்ளிக் கம்பியைப் பின்னித் தாரகாசி செய்கின்றனர். இராசத்தானத்துப் பிரதாப்கரில் துளைத்து வரைந்த பொற்றகட்டை நிறக் கண்ணாடிமேல் பதிப்பது தேவா என்னும் வேலை. நாகர்கோயிலை அடுத்த வடசேரியில் வெள்ளி உருவில் பொன்தகடு போர்த்திக் கெம்பு பதிக்கும் கோயில் நகை பிறந்தது; பரதநாட்டிய மேடைகளில் நாம் காண்பது அதன் வழிவந்தது. தமிழர் அணிவது மட்டுமே நகை என்றோ, வடநாட்டு நகை வெறும் பகட்டு என்றோ கருதுவதற்கு இடமில்லை. நான்கு இலக்கணமும் எங்கும் ஒன்றே; அழுத்தம் வைக்கும் இடம் மாறுகிறது.

18ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகச் சந்தைக்கு வைரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள் திறந்தபின் காற்று எதிர்த்திசையில் வீசலாயிற்று. நம் இல்லங்களில் பெருமையோடு பேசப்படும் புளூ ஜாகர் வைரத்தின் பெயரே அங்குள்ள ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. பவுன் என்று நாம் எண்ணும் 8 கிராம் கணக்கும் 22 காரட் ஆங்கிலப் பொற்காசின் நிறையை ஒட்டியது. அக்காசுகளே பல காசு மாலைகளில் ஏறின. பிறநாட்டுப் பொருளை ஏற்றும் நம் வரிசை முறையில் கோத்துக்கொள்ளும் ஆற்றல் நம் கைவினைஞர்க்கு இருந்தது.

விடுதலைக்குப் பின் அவர்களுக்குப் பெரும் சோதனை ஒன்று நேர்ந்தது. 1963ஆம் ஆண்டு தொடக்கத்தில் வந்த பொன் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட புது நகைகள் செய்வதைத் தடுத்தன. பொற்கொல்லர் பலர் தொழில் இழந்தனர். 1968இல் அது சட்டமாயிற்று, 1990இல் நீக்கப்பட்டது. இடையில் பட்டறையை விட்டுச் சென்றவர்கள் பலர் மீளவில்லை. பின்னர் வார்ப்பு இயந்திரமும் அச்சு இயந்திரமும் வந்தன. நகையின் தூய்மைக்கு அரசு முத்திரை 2021ஆம் ஆண்டு ஜூன் 16 முதல், முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டது. வாங்குவோர்க்கு இது பெரும் பாதுகாப்பு. ஆனால் அம்முத்திரை பொன்னின் தூய்மைக்கே சான்று கூறும். வடிவின் தகுதிக்குச் சான்று கூற எந்த முத்திரையும் இல்லை. அதற்கு அணிபவரின் கண்ணே உரைகல்.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பழைய நகையைக் கடையில் மாற்றும்போது தராசு பொன்னை மட்டும் அறிகிறது. அன்று கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வருவதில்லை. புது நகைக்கு மீண்டும் கொடுக்கிறோம். ஒரு பேச்சுக்கு அவை இரண்டும் சேர்ந்து நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். 10 பவுன், அதாவது 80 கிராம் நகையைக் கைப்பணம் சேர்க்காமல் மாற்றினால் ஏறத்தாழ 71 கிராம் நகை கிடைக்கும். அதனை மீண்டும் மாற்றினால் 64 கிராமுக்கும் சற்றுக் குறைவு. இரு மாற்றத்தில் இரண்டு பவுன் காணாமற்போகிறது. இது கணக்கில் தெரியும் இழப்பு. பாட்டியின் நெற்றியிலும் கழுத்திலும் இருந்த ஒழுங்கு, இன்று செய்யத் தெரிந்தவர் அரிதாகிவிட்ட ஒரு மூட்டு, அதன் பெயர் ஆகிய யாவும் மூசையில் கரைவது கணக்கில் வராத இழப்பு.

நகையை உருக்கவே கூடாது என்று சொல்ல நான் முன்வரவில்லை. ஆபத்துக்கு உதவுவதும் நகையின் அறமே. மகளின் படிப்புக்கும் மகனின் மருத்துவத்துக்கும் விற்ற நகை பயனுற்ற நகை. அதற்காக எவரும் நாண வேண்டியதில்லை. வெறும் புதுமைக்காக மாற்றும்போது மட்டும் சற்று நின்று எண்ணுக என்பதே என் வேண்டுகோள். திருகு தேய்ந்தால் திருகை மட்டும் மாற்றலாம். கல் விழுந்தால் கல்லைப் பதிக்கலாம். அறுந்த சரத்தைக் கோத்துக்கொள்ளலாம். பழுது பார்க்கத் தெரிந்த முதிய ஆசாரியார் ஒருவருக்கு அதனால் ஒரு நாள் வேலையும் கிடைக்கும்.

மற்றொன்றும் செய்யலாம், அதற்குப் பொருட்செலவு இல்லை. ஊரைவிட்டு வந்த குடும்பங்களில் முதலில் மறப்பது நகையன்று, அதன் பெயர். பிறமொழிச் சூழலில் வளரும் பிள்ளைக்கு வங்கியும் ஒட்டியாணமும் ராக்கொடியும் மாட்டலும் வேறுபாடின்றிப் பழைய நகைகளே. எனவே ஓய்வான ஒரு நாளில் வீட்டிலுள்ள மூத்த தாய்மாரை அருகில் இருத்தி, ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகைக்கும் பெயர் என்ன, எவருடையது, எந்த ஊர் வேலை, நிறை எவ்வளவு, கல் எத்தனை, உள்ளே அரக்கு உண்டா, பூட்டு எவ்வகை என்று எழுதுங்கள். முன்புறமும் பின்புறமும் படம் எடுத்து வையுங்கள். பிள்ளைகளிடம் நான்கு வினாக்களைக் கேளுங்கள். இது உடம்பில் எவ்வாறு நிற்கிறது? எவ்வாறு இழைத்தனர்? எதை எந்த ஒழுங்கில் வைத்தனர்? ஒளி எங்கிருந்து வருகிறது?

தஞ்சைக் கோயிலின் கணக்கர் செய்ததும் இதுவே. அவர் எழுதியது அரசனின் நகைக்கணக்கு. நீங்கள் எழுதப்போவது ஒரு குடும்பத்தின் கணக்கு. அளவில் வேறுபாடு உண்டு, தன்மையில் இல்லை. என்றேனும் ஒரு நெருக்கடியில் அந்நகையை விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும், அதன் பெயரும் வடிவும் உங்கள் இல்லத்தில் நிற்கும். அக்குறிப்பைக் கையில் கொண்டு உங்கள் பேத்தி, எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், பொற்கொல்லர் ஒருவரிடம் சென்று, இதைப்போல் ஒன்று செய்து தருக என்று கேட்க இயலும்.